தப்பாக எழுதத் தெரிய வேண்டும்

"தப்பு எழுத வரலண்ணா."

வியாசர்பாடியில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. கீழே தெருவில் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் மோதும் சத்தம். மேலே 14 பேர், எல்லோரும் கல்லூரி மாணவர்கள், பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வளாக நேர்காணலுக்கு முன்னால் வரும் ஆன்லைன் தேர்வுக்குத் தயார் செய்வதற்காக ஞாயிறுதோறும் கூடுகிறோம். நான் இதே ஏரியாவில் வளர்ந்து, தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் பொறியியல் படித்து, இப்போது ஓ.எம்.ஆரில் மென்பொருள் எழுதுகிறவன். ஆசிரியப் பயிற்சி எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டேன்: "இன்னைக்கு நான் கேள்வி கேக்க மாட்டேன். ஆளுக்கு மூணு கேள்வி நீங்க எழுதுங்க. நாலு ஆப்ஷன் வேணும். ஒண்ணு சரி, மூணு தப்பு."

ஒரு மணி நேரம் கழித்து வாங்கிப் பார்த்தால், வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 120 மீட்டர் நீள ரயில் கம்பத்தைக் கடக்கிறது, பாலத்தைக் கடக்கிறது, எதிரே வரும் இன்னொரு ரயிலைக் கடக்கிறது. எல்லாம் ஏற்கெனவே எங்கேயோ பார்த்தவை. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் மட்டும் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். விடை 12. மற்ற மூன்று ஆப்ஷன்கள் 11, 13, நான்கு லட்சம். "இது என்னம்மா நாலு லட்சம்?" என்று கேட்டதற்குத்தான் முதல் வரியில் உள்ளதைச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி இதையும் சொன்னாள்: "இத்தன வருஷமா ரைட்டு எழுதத்தான சொல்லிக் குடுத்தாங்க."

அன்று ராத்திரி அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

*

நம் கல்விமுறையில் கேள்வி யாருடைய சொத்து என்று யோசித்துப் பாருங்கள். வினாத்தாள் அரக்கு முத்திரை வைத்த உறையில் வரும். யார் எழுதியது என்று மாணவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. என் காலத்தில் பொறியியல் படிப்பு என்பதே இரண்டு எண்கள்தான்: டூ மார்க், சிக்ஸ்டீன் மார்க். செமஸ்டருக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடையில் 'இம்பார்டன்ட் கொஸ்டின்ஸ்' என்று ஒரு கட்டு கிடைக்கும். அதோடு ஒரு 'லோக்கல் ஆதர்' புத்தகம். முந்தைய பத்து செமஸ்டர் தாள்களைப் பார்த்து, எது திரும்ப வரும் என்று கணிப்பதில் நாங்கள் காட்டிய அறிவை தெர்மோடைனமிக்ஸில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்போம். அடுத்தவன் கேட்கப்போவதை ஊகிக்கும் திறமையை மட்டும் நான்கு ஆண்டுகள் பழகினோம். நாமே ஒன்று கேட்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமியை எல்லோருக்கும் தெரியும். கேள்வியை யார் கேட்பது என்ற பேச்சு வரும்போது, அவன் தானே கேட்பதாக முந்திக்கொள்வான். தனக்குக் கேட்க மட்டும்தான் தெரியும் என்பது அவன் வாதம். தியேட்டர் இன்றும் அதற்குச் சிரிக்கிறது. கேட்பது சுலபம், சொல்வதுதான் கஷ்டம் என்று நாம் எல்லோரும் நம்புவதால் வரும் சிரிப்பு அது. அந்த மாடி அறையில் 14 பேர் ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

பவணந்தி முனிவரின் நன்னூலுக்குத் திரும்பிப் போனேன். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பகுதிதான். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தே கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது இதற்கு வழக்கமான உதாரணம். தெரியாமல் கேட்பது அறியாவினா. அதற்கு உதாரணம் மாணவன். பாம்பா கயிறா என்று குழம்பிக் கேட்பது ஐயவினா. பிறகு கொளல், கொடை, ஏவல். எந்த உரையை எடுத்தாலும், எந்தப் பள்ளிப் புத்தகத்தை எடுத்தாலும், முதல் இரண்டு வகைக்கும் ஆள் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அறிவினா ஆசிரியருக்கு, அறியாவினா மாணவனுக்கு. தேர்வுக் கேள்வி எழுதச் சொல்லும்போது நாம் மாணவனை அந்தக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகச் சொல்கிறோம். விடை தெரிந்தவனாக நின்று ஒரு கேள்வி கேள் என்கிறோம். அந்தப் பெண் திணறியதில் ஆச்சரியமில்லை. அவள் இதுவரை நிற்காத இடம் அது.

இதே நன்னூலின் பொதுப்பாயிரம் வேறொன்றும் சொல்கிறது. வினவுவதையும், வினவியதற்கு விடை சொல்வதையும் கடமையாகக் கொண்டால் அறியாமை நீங்கும் என்கிறது. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வரும் என்று கணக்கும் போட்டுக் கொடுக்கிறது. நம் வகுப்பறைகள் அந்த முதல் கால் பங்கோடு நின்றுவிட்டன. முக்கால் பங்கு சும்மா கிடக்கிறது.

*

அந்த முக்கால் பங்கை இணையத்தில் செய்துபார்த்த ஒரு முயற்சி நியூசிலாந்தில் நடந்தது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பிக்கும் பால் டென்னி உருவாக்கிய 'பியர்வைஸ்' என்ற தளம். 2008-இல் இதைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஏற்பாடு எளிமையானது. ஆசிரியர் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைக்கிறார், அவ்வளவுதான். மாணவர்கள் பாடத்திலிருந்து கேள்வி எழுதி, ஆப்ஷன்கள் போட்டு, சரியான விடைக்கு விளக்கமும் எழுதுகிறார்கள். மற்ற மாணவர்கள் அதற்கு விடை அளிக்கிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள், "உன் விடையே தப்பு" என்று சண்டை போடுகிறார்கள். மாணவர்களுக்குள் யார் எழுதினார்கள் என்பது தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியல் மாணவர்கள் எழுதிய கேள்விகளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பாலானவை தரமானவை, வெறும் மனப்பாடத்தைச் சோதிப்பவை அல்ல என்று 2014-இல் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்தது. அதே உற்சாகத்தில்தான் அந்த ஞாயிறு வேலையைக் கொடுத்தேன். ஆனால் இந்த ஆய்வுகளை இன்னொரு முறை படித்தால் ஓட்டைகளும் தெரியும். மாணவர்கள் மற்றவர்கள் கேள்விக்கு விடை அளிக்கக் கூட்டமாக வருகிறார்கள். கேள்வி எழுதச் சொன்னால் கட்டாயத்துக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டென்னியே 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், செய்த வேலைக்குப் பரிசாக, திரையில் மெய்நிகர் பதக்கங்கள் தரப்பட்டன. பதக்கம் பார்த்தவர்கள் அதிக விடைகள் அளித்தார்கள். அதிகக் கேள்விகள் எழுதவில்லை. பதக்கத்துக்காக ஒருவன் ஆயிரம் முறை பொத்தானை அழுத்துவான். கேள்வி எழுத அவனுக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

என்ன வேண்டும்? என் பதில்: தவறு எப்படி நடக்கிறது என்பதை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

*

நாலு ஆப்ஷன் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவின் கான்சஸில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் வாசிப்புத் தேர்வுக்காக உருவாக்கிய வடிவம் அது. ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் மதிப்பெண்ணை ஒரே மாதிரி ஆக்குவது, திருத்தும் நேரத்தைக் குறைப்பது, இவைதான் நோக்கம். இன்று நம் கல்லூரித் தாள்களில் கேள்விக்குப் பக்கத்தில் கே1, கே2 என்று போடுகிறார்களே, அந்த புளூம் வகைப்பாடும் தேர்வாளர்களின் தேவையிலிருந்து வந்ததுதான். 1948-இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள், தங்களுக்குள் கேள்விகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். 1956-இல் புத்தகம் வந்தது. ஆக, கேட்பவர்கள் கேட்பவர்களுக்காகச் செய்துகொண்ட கருவிகள் இவை. பதில் சொல்பவன் அந்த மேசையில் இல்லை.

2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இணையத்தில் நடத்தியபோது இதன் உச்சத்தைப் பார்த்தோம். ஒரு மணி நேரம், ஆப்ஷன் கேள்விகள், மாணவன் முகத்தின் மேல் கேமரா. அடுத்து நடந்த பருவத் தேர்வின் முடிவுகள் 2021-இல் வந்தபோது ஏராளமானவர்களின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற அரசு மறுதேர்வு அறிவிக்கும் அளவுக்குப் போனது. யார் தலையைத் திருப்பினான், யார் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது என்பதைக் கண்டுபிடிக்க அத்தனை தொழில்நுட்பம். வியாசர்பாடியில் ஒரே அறை வீட்டில், பக்கத்தில் பாட்டி டி.வி. பார்க்க, தம்பி அழ, தேர்வு எழுதியவனின் பின்னணிச் சத்தம் என்னவாக இருக்கும் என்று அந்தக் கேமராவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேர்வு இணையத்துக்குப் போனது. கேள்வி கேட்கும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களை முதலில் டெஸ்ட் கேஸ் எழுத விடுவோம். ஒரு லாகின் பக்கத்தைக் கொடுத்து, "இதை எப்படியெல்லாம் உடைக்கலாம்?" என்போம். பயனர் பெயரில் வெற்றிடம் விட்டால்? கடவுச்சொல்லில் தமிழ் எழுத்து போட்டால்? பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்? பத்து நாளில் அந்த நிரலை எழுதியவரைவிட இவர்களுக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கும். எங்கே உடையும் என்று தெரிந்தவனுக்கு எப்படி நிற்கிறது என்றும் தெரியும். முல்லை நகர் மைதானத்தில் பந்து ஆடும் பையன்களைக் கேளுங்கள். சில நாள் கோல் போஸ்டில் நின்றவன் ஃபார்வர்டு ஆடும்போது எங்கே அடிப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அடுத்த ஞாயிறு விதியை மாற்றினேன். சரியான விடைக்கு விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு தவறான விடைக்குக் கீழும், அதைத் தேர்ந்தெடுப்பவன் எப்படி யோசித்து அங்கே வந்தான் என்று ஒரு வரி எழுத வேண்டும். "சும்மா கொளுத்திப் போடக்கூடாது. அந்தத் தப்புக்கு ஒரு நியாயம் இருக்கணும்."

அன்றைக்கு ரயில் வரவில்லை. அதே பெண் எழுதிய கேள்வி இது:

காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ 1000 ரூபாய். வெள்ளிக்கிழமை 20 சதவீதம் ஏறியது. திங்கட்கிழமை அந்த விலையிலிருந்து 20 சதவீதம் இறங்கியது. இப்போது என்ன விலை? அ) 1000 ஆ) 960 இ) 1040 ஈ) 800.

விடை 960. ஏறும்போது 1000-க்கு 20 சதவீதம், இறங்கும்போது 1200-க்கு 20 சதவீதம். அவளுடைய மூன்று வரிகள்: 1040 போடுகிறவனுக்கு வித்தியாசம் 40 என்று தெரிந்துவிட்டது, கூட்டுவதா கழிப்பதா என்பதில் சறுக்கிவிட்டான். 800 போடுகிறவன் கடைசி வரியை மட்டும் படித்தவன், அவசரக்காரன். 1000 போடுகிறவன் ஏறினதும் இறங்கினதும் ஒன்றுதான் என்று நினைக்கிறவன், "இவன்தான் நெறைய பேரு."

வகுப்பில் 14 பேரில் ஒன்பது பேர் 1000 போட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கம்மா மட்டும் 1000 போடாதுண்ணா" என்றாள். "ஏன்?" "அது மீன் விக்குது. ஏத்தி வாங்கி எறக்கி வித்தா கையில எவ்ளோ நிக்கும்னு தெனம் பாக்குது."

அந்த நிமிடம் அறையில் ஏதோ மாறியது. அம்மாவின் கூடை ஒரு தேர்வுக் கேள்வி ஆகலாம் என்று தெரிந்த பிறகு கேள்விகள் கொட்டின. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி வரிசை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் இறைக்கும் இரண்டு மோட்டார்கள், ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குகிறவர்களின் கணக்கு. கணிதம் அதே கணிதம்தான். பாடம் தெரிந்தவர் மறந்துபோன ஒன்று இவர்களிடம் இருந்தது. நல்ல ஆசிரியருக்குக்கூட, தெரியாமல் இருந்த நாள் எப்படி இருந்தது என்பது நினைவில் இருப்பதில்லை. நேற்று வரை தப்பாகப் போட்டவனுக்கு அது இன்னும் சூடாக நினைவிருக்கிறது. தவறான விடைகளை எழுதுவதில் மாணவனே நிபுணன். அவனை அந்த வேலையிலிருந்து விலக்கி வைத்திருப்பது நம் தேர்வுமுறையின் பெரிய முட்டாள்தனம்.

*

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

நான்கு மாதத்தில் 160 கேள்விகள் சேர்ந்தன. ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருந்தேன். நண்பன் ஒருவன் ஆன்லைன் பயிற்சி நடத்துகிறான். பேச்சுவாக்கில் காட்டினேன். "மச்சான், செம்மயா இருக்கு. அனுப்புடா" என்றான். அனுப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. கேள்விதானே.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் போனை நீட்டினாள். கல்லூரித் தோழி ஒருத்தி காசு கட்டிச் சேர்ந்திருந்த மாதிரித் தேர்வின் ஸ்க்ரீன்ஷாட். வஞ்சிரம் போய், ஒரு நிறுவனத்தின் பங்கு விலை ஆகியிருந்தது. வெள்ளி, திங்கள் அப்படியே இருந்தன. நான்கு ஆப்ஷன்களும் அதே வரிசையில். "இது எங்க கேள்விதானண்ணா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நன்னூல் கணக்கில் அது அறிவினா. விடை தெரிந்தே கேட்டாள்.

நண்பனிடம் பேசினேன். "கேள்விக்கெல்லாம் எவன்டா காப்பிரைட் வெச்சிருக்கான்?" என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் என் தவறு அவன் தவறுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கேள்வி யாருடைய சொத்து என்று பேசத் தொடங்கியவன் நான். அவர்கள் முதல்முறையாக ஒரு கேள்விக்குச் சொந்தக்காரர்கள் ஆனதும், அதை எடுத்துக் கொடுத்தவனும் நானே.

பாவ்லோ ஃபிரைரே ஆசிரியர் போடுகிறவராகவும் மாணவன் வாங்கி வைக்கும் பெட்டியாகவும் இருக்கும் கல்வியை வங்கிமுறை என்றார். தமிழில் கேள்வித் தொகுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயரே வினா வங்கி. மாணவர்களைக் கேள்வி எழுத வைக்கும் திட்டங்களைப் பாராட்டும்போது இந்தப் பெயரை மறந்துவிடக் கூடாது. முன்பு ஆசிரியர் போட்டார், மாணவன் வாங்கினான். இப்போது மாணவன் போடுகிறான், பல்கலைக்கழகமோ நிறுவனமோ வாங்கிவைக்கிறது. திசை மாறினாலும் பாஸ்புக் அவன் கையில் இல்லை. 'பியர்வைஸ்' போன்ற ஏற்பாடுகளில் எனக்குள்ள முக்கியமான விமர்சனம் இதுதான். பெயர் மறைத்தல் கூச்சப்படுகிறவனைக் காப்பாற்றுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல கேள்வி எழுதியவளின் பெயரையும் அதே திரை மறைக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் பெயர் போடுகிறோம். ஒரு நல்ல கேள்விக்கு ஏன் போடக்கூடாது?

"இப்போ ஏ.ஐ. ஒரு நிமிஷத்துல நூறு கேள்வி குடுக்குதே, பசங்கள எதுக்குக் கஷ்டப்படுத்தற?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நானும் முயன்று பார்த்தேன். நூறு கேள்வி வந்தது, பல நன்றாகவும் இருந்தன. அதில் எனக்குப் புகார் இல்லை. கேள்விகள் குறைவாக இருக்கின்றன என்பதற்காக நாங்கள் எழுதத் தொடங்கவில்லை. எழுதும்போது எழுதுகிறவருக்குள் நடப்பதற்காகத் தொடங்கினோம். ஜிம்மில் எடையைத் தூக்க கிரேன் வைத்தால் எடை தூக்கப்படும், உடம்பு அப்படியே இருக்கும். நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கை வேறு யாரும் நமக்காக வாங்கித் தர முடியாது.

நம் பல்கலைக்கழகங்களால் இதைச் செய்ய முடியுமா? பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அக மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதியைக் கேள்வி எழுதுவதற்கு ஒதுக்கலாம். தவறான விடைகளுக்கு நியாயம் எழுதச் சொல்லலாம். மாணவர்கள் எழுதியவற்றில் சிலவாவது உண்மையான தேர்வில் வர வேண்டும். வராவிட்டால் இது இன்னொரு ரெக்கார்டு நோட்டு வேலையாகிவிடும். எழுதியவர் விரும்பினால் தேர்வு முடிந்ததும் பெயர் வெளிவர வேண்டும். வெளியே எங்கு போவதாக இருந்தாலும் அவரைக் கேட்க வேண்டும். கடைசி இரண்டையும் நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை.

எங்கள் ஷீட்டில் இப்போது ஒரு புதிய நெடுவரிசை இருக்கிறது: எழுதியவர். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: வெளியே தரலாமா? பெரும்பாலான வரிகளில் 'தரலாம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். என்னைவிடத் தாராளமானவர்கள். வஞ்சிரம் கேள்விக்கு எதிரே மட்டும் வெகுநாள் காலியாக இருந்தது. போன மாதம் பார்த்தபோது அவள் நிரப்பியிருந்தாள்: 'தரலாம். மீனை மாத்தக் கூடாது.'